கஞ்சி மாவு டின்

அந்தத் தெருவில் அவளுக்கு ‘செக்போஸ்ட்’ என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். லாண்டரிக் கடையின் வாசலில் மேஜையைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டால், உள்ளே போகிற துணியும் வெளியே வருகிற துணியும் அவள் கைபடாமல் தாண்ட முடியாது. துணி போட வந்தவர் நின்றுகொண்டிருக்கும்போதே அவர் கொடுத்த சட்டையின் பையில் கைவிட்டுத் துழாவுவாள். காலரைத் திருப்பிப் பார்ப்பாள். “இந்தக் கறை முன்னாடியே இருக்கு, பாத்துக்குங்க. பித்தான் ஒண்ணு இல்லை, அதையும் பாத்துக்குங்க. அப்புறம் வந்து எங்க மேல சாட்டக் கூடாது” என்பாள். வந்தவர் ஏதோ தானே குற்றம் செய்துவிட்டதுபோல் தலையாட்டிவிட்டுப் போவார்.

அவளிடம் ஏமாந்தவர் யாருமில்லை. அவளை ஏமாற்றியவரும் யாருமில்லை. ஆனாலும் உலகமே தன்னை ஏமாற்றத்தான் விடிகாலையில் எழுந்து பல் துலக்குகிறது என்பது அவள் எண்ணம். சோப்புக்காரன் எடையில் அடிக்கிறான், கரண்டுக்காரன் மீட்டரில் அடிக்கிறான், மழைகூட அவள் விரிப்புகளைக் காயப்போட்ட பிறகுதான் பார்த்துப் பார்த்து வருகிறது.

கடைக்குப் பின்னால் நீளமான கூடம். இரண்டு பெரிய வாஷிங் மெஷின்கள், சிமென்ட் தொட்டி, கஞ்சி காய்ச்சும் அடுப்பு, அதற்கடுத்து இஸ்திரி மேஜை. மாடியில் வீடு. கணவன் வண்டி ஓட்டுவான். ஹோட்டல்களிலிருந்து அழுக்கு மூட்டைகளை ஏற்றி வருவதும், வெளுத்த மூட்டைகளை இறக்கிவிட்டு வருவதும் அவன் பொறுப்பு. இஸ்திரி போடுவது அவனுடைய அக்கா. புருஷனோடு ஒத்துவராமல் தம்பி வீட்டுக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. வாயும் நீளம், கையும் சுத்தம். அவள் தேய்த்த மேஜை விரிப்பை நிமிர்த்தி வைத்தால் சுவரில் சாயாமல் நிற்கும். பக்கத்துத் தெரு லாண்டரிக்காரன் அவளை ஜாடைமாடையாக வேலைக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். அது காதுக்கு வந்ததிலிருந்து செக்போஸ்ட் நாத்தனாரின் மேல் ஒரு கண் வைத்திருந்தாள்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிவிட்டு வந்ததும் தலையணை உறைகளை மடித்து அடுக்க வேண்டியது அவள் வேலை. ஒரு வருஷத்துக்கு முன்புவரை பாட்டுப் பாடிக்கொண்டே மடித்துத் தள்ளியவள், இப்போது பாதி மடிக்கும்போதே விரிப்புக் குவியலில் சாய்ந்து கண்ணை மூடிவிடுகிறாள். மாடிப்படி ஏறினால் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போகிறாள். கேட்டால் தலைவலி என்பாள். இல்லையென்றால் கால் இழுக்குது என்பாள்.

“எல்லாம் நடிப்பு” என்று செக்போஸ்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “வேலைன்னா தலைவலி. போனைக் கையில குடுத்துப் பாருங்க, எங்க போச்சு தலைவலின்னு தேடணும்.”

அடைமழைக் காலம். ஒரு வாரமாக வெயில் முகம் காட்டவில்லை. கூடம் முழுக்கக் கொடிகள் கட்டி விரிப்புகள் தொங்கின. ஈரத் துணியின் வாடையும் சோப்பு வாடையும் சேர்ந்து மூச்சை அடைத்தது. நாத்தனார் இஸ்திரியை நிறுத்திவிட்டு, படியில் உட்கார்ந்திருந்த தம்பி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, பொண்ணு மூஞ்சியைப் பாத்தியா நீ?”

“ஏன், என்ன அவ மூஞ்சிக்கு?” செக்போஸ்ட் நிமிரவில்லை.

“வெளுத்துப்போய்க் கிடக்கு. உதட்டுல ரத்தமே இல்ல. நகத்தைப் பாரு, குழிவிழுந்து கிடக்கு. மாசாமாசம் அவளுக்கு அதிகமாப் போகுது. போன தடவை ஒரு வாரத்துக்கு மேல போச்சு, உங்கிட்டச் சொன்னாளா?”

“உங்ககிட்டச் சொன்னாளாக்கும்?”

“துவைக்கப் போட்டிருந்ததைப் பாத்தேன், கேட்டேன். ஒரு டாக்டர்கிட்டக் காட்டு.”

“அப்படின்னா என்ன அர்த்தம் அண்ணி? நான் பெத்த பொண்ணுக்கு நான் சோறு போடலைங்கறீங்க?”

“நான் எப்போ அப்படிச் சொன்னேன்?”

“சொல்லணுமா? தினமும் முட்டை அவிச்சு வைக்கிறேன். கீரை வைக்கிறேன். எல்லாத்தையும் அப்படியே தட்டுல வெச்சுட்டு எந்திரிச்சுப் போறா. டீயை மட்டும் டம்ளர் டம்ளராக் குடிக்கிறா. திங்கற வயசுல திங்கலைன்னா வெளுக்காம என்ன பண்ணும்?”

“ஏன் திங்கலைன்னுதான் கேக்கறேன்.”

“அதை அவகிட்டக் கேளுங்க. எங்கிட்டப் பேசினா என்னமோ நான் கொடுமைப்படுத்துற மாதிரி இருக்கு.”

நாத்தனார் மேஜைப் பக்கம் திரும்பினாள். இஸ்திரிப் பெட்டி மறுபடி விரிப்பின்மேல் ஓடியது, முன்னைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

பள்ளிக்கூடத்திலும் இந்தப் பேச்சு ஏற்கெனவே வந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்து, வாரத்துக்கு ஒரு சத்து மாத்திரை கொடுக்கப் போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். செக்போஸ்ட் மறுநாளே நேரில் போய் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாள். “என் பொண்ணுக்கு ரத்தமும் எடுக்க வேணாம், மாத்திரையும் குடுக்க வேணாம். சும்மா குடுக்கிற பொருள்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? வேற ஒரு பள்ளிக்கூடத்துல மாத்திரை முழுங்கிட்டு நாலு பிள்ளைங்க வாந்தி எடுத்திருக்கு. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது ஏதாவது ஒண்ணுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?” டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். செக்போஸ்ட் தடுப்பைத் தூக்கவில்லை.

இதற்கிடையில்தான் கஞ்சி மாவு குறைய ஆரம்பித்தது.

ஹோட்டல் மேஜை விரிப்புக்கும் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டுக்கும் கஞ்சி போட்டால்தான் மொடமொடவென்று நிற்கும். மாவு பெரிய தகர டின்னில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். காய்ச்சுவது செக்போஸ்ட். ஒரு வாளிக்கு இத்தனை கரண்டி என்று அவளுக்குக் கணக்கு. ஆனால் டின் சீக்கிரம் சீக்கிரமாக அடி தெரிந்தது. அவள் கரண்டியைக் குறைத்துப் போட்டுப் பார்த்தாள். ஹோட்டல் மேனேஜர் போன் போட்டுக் கத்தினார். “என்னம்மா இது, விரிப்பு மேஜையில நனைஞ்ச துணி மாதிரிக் கிடக்கு? உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறோம்.”

அந்த ஹோட்டல் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். செக்போஸ்ட்டின் பார்வை நேராக இஸ்திரி மேஜைக்குப் போனது.

“உங்க அக்காதான்” என்றாள் கணவனிடம், அவன் மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே.

“என்ன எங்க அக்கா?”

“மாவை எடுத்துப் பக்கத்துத் தெருக்காரனுக்குக் குடுக்கறாங்க. இங்க நம்ம விரிப்பு தொங்கணும், அவனுது நிக்கணும். ஹோட்டல் அவங்கிட்டப் போனதும் இவங்களும் மூட்டையைக் கட்டிக்கிட்டு அங்க போயிடுவாங்க.”

“உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? மாவு அவனுக்குக் கடையில கிடைக்காதா?”

“அப்போ எங்க போகுது? எலி திங்குதா? மூடியைத் திறந்து தின்னுட்டு மறுபடி மூடி வைக்கிற எலி எந்த ஊர்ல இருக்கு?”

“ஆம்பளை நான் என்னத்தக் கண்டேன்” என்று முணுமுணுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். வீட்டில் பேச்சு வந்தால் வண்டிக்கு வேலை வந்துவிடுவது அவன் வழக்கம்.

செக்போஸ்ட் டின்னின் மூடிக்கு நூல் சுற்றி வைத்துப் பார்த்தாள். நூல் அறுந்து கிடந்தது. இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தாள். அங்கேயும் குறைந்தது. நாத்தனார் இதையெல்லாம் பார்க்காமலில்லை.

“என்னம்மா, டின்னுக்குத் தாலி கட்டி வெச்சிருக்கே?”

“ஈரம் உள்ள போகாம இருக்க.”

“நூல் கட்டினா ஈரம் போகாதா? எங்கிட்டக் கேக்க வேண்டியதிருந்தா நேராக் கேளு. சுத்தி வளைக்காதே.”

“நான் ஏன் உங்களைக் கேக்கணும்? உங்களுக்கு ஏன் உறுத்துது?”

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். துணி மட்டும் இவள் கையிலிருந்து அவள் கைக்குப் போய்வந்தது. நடுவில் சிறுமி உட்கார்ந்து உறை மடித்தாள். இருவரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் தரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் செக்போஸ்ட்டுக்கு நீலத்தின் நினைவு வந்தது. வெள்ளைத் துணிக்குப் போடும் நீலப் பொடி உலர்ந்திருக்கும்வரை சாது. மாவில் ஒரு சிட்டிகை கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், ஒட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்குப் போகாது. இஸ்திரி போடுகிறவளின் கை எப்போதும் வேர்த்துக்கொண்டுதான் இருக்கும். மாவைத் தொட்ட கை, தானே காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரும் மாடியில் டிவி பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலத்தில் அவள் இறங்கி வந்து, பொடியைத் தூவி, காய்ந்த கரண்டியால் பக்குவமாகக் கலந்து மூடினாள். அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் நாத்தனார் இறங்கி வாசல் மேஜைப் பக்கம் வந்ததும், “அண்ணி, கையைக் காட்டுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“காட்டுங்க, சொல்றேன்.”

நாத்தனார் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள். சூடு பட்டுக் காய்ப்பேறிய கைகள். நீலத்தின் சாயல்கூட இல்லை. அவள் அப்படியே நின்று, தம்பி பெண்டாட்டியின் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

“என் கையில என்ன தேடுறேன்னு தெரியல. உன் நகத்துக்கிடையில என்ன இவ்ளோ நீலம்?”

செக்போஸ்ட் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு, எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்தாள். அவள் நாத்தனாரின் கையைச் சோதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மகள் சீருடையை எடுக்கக் கூடத்துக்கு இறங்கியதும், பையை மாட்டிக்கொண்டு போனதும். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மரியாதை தெரியாத பெண் என்று அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு மேல் பள்ளியிலிருந்து போன் வந்தது.

“உடனே கிளம்பி வாங்கம்மா. உங்க பொண்ணுக்கு உதடு, நாக்கு எல்லாம் நீலம் பாரிச்சிருக்கு. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி சொல்லியிருக்கோம்.”

நீலம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நம்ப முடியவில்லை. மழையில் குடைகூட எடுக்காமல் ஓடினாள். கடை திறந்து கிடந்தது, மேஜையில் யாரோ போட்ட சட்டைகள் பையைத் துழாவாமல் அப்படியே கிடந்தன.

பள்ளியின் சின்ன அறையில் மகளைப் பெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பள்ளிக்கு வந்துபோகும் நர்ஸம்மா ஒரு பக்கம், விளையாட்டு டீச்சர் ஒரு பக்கம். சிறுமி பயத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைவாயில் நீலம் வழிந்து தாடையில் கோடு போட்டிருந்தது.

“என்ன சாப்பிட்டேன்னு சொல்ல மாட்டேங்கறா” என்றாள் விளையாட்டு டீச்சர். “இதயத்துல கோளாறு இருந்தாலும் இப்படி நீலமாகும்ங்கறாங்க. இல்ல, வீட்டுல ஏதாவது சண்டையாம்மா? இந்த வயசுப் பிள்ளைங்க எதையாவது குடிச்சு வெச்சிடுது.”

“வாயைத் திற கண்ணு” என்று நர்ஸம்மா கெஞ்சினாள். “எலி மருந்தா? பூச்சி மருந்தா? எதுன்னு தெரிஞ்சாத்தான் அங்க வைத்தியம் பண்ண முடியும். இல்லைன்னா மூக்கு வழியாக் குழாய் விட்டு வயித்தைக் கழுவணும்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். பார்த்ததும் வாயை இன்னும் இறுக்கினாள். விஷத்தைவிடத் தன்னைப் பார்த்துத்தான் அவள் அதிகம் பயப்படுகிறாள் என்பது செக்போஸ்ட்டுக்கு அந்த இடத்தில் தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“விஷமில்லைங்க” என்றாள். முந்தானையால் மகளின் தாடையைத் துடைத்தாள். மறுபடி சொன்னாள். “விஷமில்லை. நீலப் பொடி. துணிக்குப் போடுறது.”

“துணிக்குப் போடுறது எப்படி வயித்துக்குள்ள போச்சு?”

“கஞ்சி மாவுல கலந்திருந்தேன்.”

“மாவுல எதுக்கும்மா கலந்தீங்க?”

“திருடியைப் பிடிக்க.”

சிறுமி உதடுகளைப் பிரித்தாள். பல்லும் நாக்கும் மைப் பேனாவைக் கடித்ததுபோல் நீலமாக இருந்தன.

“அத்தை எடுக்கலைம்மா” என்றாள். “நான்தான் எடுத்தேன். நான்தான் தின்னேன்.”

“பச்சை மாவையா?”

“ம்.”

“ஏன்டி? வீட்டுல சோறு இல்லையா உனக்கு?”

“எனக்கே தெரியலைம்மா. அதைப் பாத்தாலே வாய் ஊறுது. நறுக்குநறுக்குன்னு கடிக்கணும்போல இருக்கு. வேணாம் வேணாம்னு நினைச்சுக்கிட்டேதான் எடுக்கறேன். பள்ளிக்கூடத்துக்கும் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவேன். சாக்பீஸ்கூடத் தின்னிருக்கேன்.”

நர்ஸம்மா பெருமூச்சு விட்டாள். சிறுமியின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தாள். “நீலத்தை விடுங்க. இங்க வந்து இதைப் பாருங்க.”

செக்போஸ்ட் குனிந்து பார்த்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் அவள் வெளுத்துக் கொடுக்கும் விரிப்பைப் போல இருந்தது. எத்தனையோ கறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், பெற்ற பெண்ணின் இமையை ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை.

“ரத்தத்துல இரும்புச் சத்தே இல்ல. இப்படி இருக்கிற சில பிள்ளைங்களுக்கு மண்ணு, சாக்பீஸ், பச்சை மாவு, ஐஸ்கட்டின்னு எதையாவது திங்கத் தோணும். திருட்டுமில்ல, கெட்ட பழக்கமுமில்ல. உடம்பு கேக்குது, எதைக் கேக்கணும்னு அதுக்குத் தெரியல. மாவு வயித்தை அடைச்சுக்கிட்டா சோறும் இறங்காது.” நர்ஸம்மா இமையை விட்டாள். “வாராவாரம் மாத்திரை குடுக்கும்போது இவ மட்டும் தலையைக் குனிஞ்சு உக்காந்திருப்பா. வேணாம்னு சொன்னது நீங்கதானே?”

“நான்தான்” என்றாள் செக்போஸ்ட்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரை வைத்திருந்தார்கள். உள்ளே போன நீலம் கொஞ்சம்தான், ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர். ரத்தத்தைத்தான் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். தினமும் மாத்திரை, மாதக்கணக்கில். மாதாமாதம் அதிகமாகப் போவதற்குத் தனி வைத்தியம். மாத்திரையை டீயோடு கொடுக்கக் கூடாது, எலுமிச்சம்பழச் சாறோடு கொடுங்கள் என்றார். “வெளிக்குக் கறுப்பாப் போகும், அதுக்கு வேற சந்தேகப்பட்டு நிறுத்திடாதீங்க” என்றும் சொன்னார். அவள் சந்தேகக்காரி என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் கூடத்தில் தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். கணவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மழையில் நின்ற வண்டிக்குத் துடைக்க என்ன இருக்கிறதோ.

“அண்ணி.”

“தம்பி போன்ல சொன்னான். பொண்ணு எப்படி இருக்கா?”

“மேல படுத்திருக்கா. அண்ணி, நான் உங்களைத்தான்...”

“தெரியும். என்னைத்தான் நினைச்சே. நானும் உன்னைத்தான் நினைச்சேன்.”

“என்னையா?”

“நீயே மாவை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, என் மேல பழியைப் போட்டுத் துரத்தப் பாக்கறேன்னு நினைச்சேன். நகத்துல நீலத்தைப் பாத்ததும் இவ என்னமோ சூழ்ச்சி பண்றான்னு மூட்டையைக் கட்ட ஆரம்பிச்சுட்டேன்.” நாத்தனார் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “அவ மூஞ்சி சரியில்லைன்னு எனக்குத் தெரியும். நீ சண்டைக்கு வந்தே. சரி, உன் பொண்ணு, உன் பாடுன்னு விட்டுட்டேன். கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நானே டாக்டர்கிட்டப் போயிருக்கலாம். போகலை.”

“என்னை மன்னிச்சுடுங்க அண்ணி. போகாதீங்க.”

“மன்னிப்பெல்லாம் அப்புறம் பாக்கலாம். ஹோட்டல் விரிப்பு நாளைக்குப் போகணும். அந்த நீல மாவைக் கொட்டிட்டு, புதுசு வாங்கிட்டு வந்து காய்ச்சு.” மூட்டையை அவிழ்க்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தாள். அது பல நாள் அப்படியே ஓரத்தில் கிடந்தது.

மாத்திரை கொடுப்பதைச் செக்போஸ்ட் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தினமும் மகளை எதிரில் நிறுத்தி, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை கண்ணெடுக்காமல் பார்ப்பாள். அவள் குடித்து முடித்ததும், “வாயைத் திற. நாக்கைத் தூக்கு. அந்தப் பக்கம்” என்பாள். துப்பிவிடுவாளோ, கன்னத்தில் ஒதுக்கிவிடுவாளோ என்ற பயம். டின்னையும் மாடிக்கு எடுத்துப் போய்ப் பூட்டி வைத்தாள். நாத்தனார் ஒருமுறை, “போதும்மா, அவ முழுங்கறா” என்றாள். “உங்களுக்குத் தெரியாது” என்றாள் செக்போஸ்ட்.

மழை விட்டு வெயில் வந்தது. மகள் மாடிப்படியில் உட்காராமல் ஏறினாள். ஒருநாள் உறை மடித்துக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். செக்போஸ்ட் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னைவிடப் பாக்கியசாலி உண்டா என்றிருந்தது.

அன்றைக்கு ஹோட்டல் மூட்டை வந்து இறங்கியிருந்தது. விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்ததில் மாத்திரை நேரத்தை அவள் மறந்துவிட்டாள். மகளே பெட்டியிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, எலுமிச்சை நீரைக் குடித்துவிட்டு, அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். வாயை அகலத் திறந்தாள். நாக்கைத் தூக்கினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தானாகவே கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். போலீஸ்காரரிடம் பையைக் கொட்டிக் காட்டும் ஆளைப் போல இருந்தது.

இஸ்திரி ஓடும் சத்தம் நின்றது.

“மூடும்மா” என்றாள் செக்போஸ்ட்.

“நீ இன்னும் பாக்கலையே.”

“பாக்க வேணாம். நீ முழுங்கியிருப்பே, எனக்குத் தெரியும்.”

“அப்புறம் கேப்பே.”

“கேக்க மாட்டேன். சத்தியமா கேக்க மாட்டேன். நீ வாயை மூடு கண்ணு.”

மகள் அவள் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள், காலரில் கறை இருக்கிறதா என்று இவள் பார்ப்பாளே, அதே பார்வை. பார்த்துவிட்டு, வாயைத் திறந்தபடியே நின்றாள்.